"இயற்றியவர் தெரியவில்லை" என்று சொன்ன வானொலிக்கு ஒரு திறந்த மடல்

வானொலியின் தமிழ் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் அவர்களுக்கும், வந்து சேரும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கும்,

நேரே விஷயத்துக்கு வருகிறேன். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கும் 78 வயதுப் பாட்டுக்காரர் ஒருவர், தானே எழுதி மெட்டுப் போட்ட ஒன்பது பாட்டுகளைப் பாடி உங்களுக்கு அனுப்பினார். எட்டு புதுசு, கடைசி ஒன்று பழசு. நாலு மாதம் கழித்து அது திரும்பி வந்தது, கூடவே மூன்று வரிக் கடிதம். குரல் தளர்ந்திருக்கிறது, கொச்சைச் சொற்கள் மிகுந்திருக்கின்றன, ஒலிப்பதிவின் தரம் ஒலிபரப்புக்கு ஏற்றதாக இல்லை. அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் வானொலியில் அந்த ஒன்பதாவது பாட்டே போனது. வேறொரு இளம் பாடகர் பாடியது. பாட்டு முடிந்ததும் உங்கள் அறிவிப்பாளர் சொன்னார்: "மலையக நாட்டார் பாடல். இயற்றியவர் தெரியவில்லை."

இயற்றியவர் அப்போது லயத்து இஸ்தோப்பில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டுத் திண்ணையில், உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அதனால்தான் இந்த மடல்.

எந்த வானொலி என்று இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். அவர் பெயரையும் எழுதவில்லை. அது முதலில் உங்கள் வானொலியில் வரட்டும், அதற்குப் பிறகு நீ எங்கே வேண்டுமானாலும் எழுது என்று சொல்லிவிட்டார். ஆகவே மாமா என்றே எழுதுகிறேன். எனக்கு அவர் இரத்த உறவு இல்லை, எங்கள் டிவிஷனில் எல்லாருக்கும் அவர் மாமாதான். நான் அட்டனில் கலியாணத்துக்கும் சடங்குக்கும் கோயில் திருவிழாவுக்கும் வீடியோ எடுக்கிறவன். அந்த ஒன்பது பாட்டையும் பதிவு செய்தது நான். பதிவில் குறை இருந்தால் அது என் குறை, அதற்கு அவரைத் தண்டிக்காதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோபப்படவில்லை. ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார். முதல் வரி வந்ததும் முகம் மலர்ந்தது. அதே வரி இரண்டாந்தரம் வந்தபோது நெற்றி சுருங்கியது. "என்னா பாடுறான் இவன்? வேலித் தண்ணியா?" என்றார். உற்றுக் கேட்டேன். ஆமாம், அந்தப் பாடகர் வேலி என்றுதான் பாடினார். மாமா எழுதியது இது:

பீலித் தண்ணி நெறையுமுன்ன பெரட்டுத் தப்பு கேட்டுருச்சு
பாதிக் கொடம் எறக்கி வச்சுப் பத்தாம் நம்பரு ஏறுறேண்டி

பீலி என்றால் என்ன என்று உங்கள் குழுவில் தெரியாதவர் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். மலையில் ஊறி வரும் தண்ணீரை மூங்கிலோ தகரமோ வைத்து இறக்கி, லயத்துப் பக்கத்தில் ஓர் இடத்தில் கொட்டவிடுவதுதான் பீலி. குளிப்பது, துவைப்பது, குடத்தில் பிடிப்பது எல்லாம் அங்கேதான். விடியுமுன்னே பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் குளிரில் நிற்பார்கள், மழை குறைந்த மாதங்களில் தண்ணீர் நூல் மாதிரித்தான் விழும். பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்குப் பிரிப்பதற்கு, தப்பு அடித்துவிட்டால் குடம் நிறைந்ததோ இல்லையோ பத்தாம் நம்பர் மாதிரி நம்பர் போட்ட தேயிலை மலைக்கு ஓட வேண்டும், பிந்திப் போனால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு பெண்ணின் விடியற்காலை முழுக்க அந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது. வேலித் தண்ணி என்று உலகத்தில் ஒன்று கிடையாது. பாடியவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நல்ல குரல், யாரோ எழுதிக் கொடுத்ததை நம்பிப் பாடியிருக்கிறார். ஒரு போன் எடுத்துக் கேட்டிருந்தால் மாமா சந்தோஷமாகச் சொல்லிக் கொடுத்திருப்பார். கேட்க ஆள் இருக்கிறது என்றே அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று இதைவிடப் பெரிசு. அந்தப் பாட்டுக்கு மூன்று சரணம், நீங்கள் ஒலிபரப்பியது இரண்டு. 1973, 74இல் தோட்டங்களில் என்ன நடந்தது என்று எங்கள் பெரியவர்கள் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு, தோட்டத்து ஆட்கள் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்று கிடந்தார்கள், பட்டினியில் செத்தவர்கள் உண்டு. மாமாவின் மூத்த பெண்பிள்ளை அந்தக் காலத்தில்தான் போனது. ஒன்றரை வயது. மூன்றாவது சரணம் அந்தப் பிள்ளைக்கு எழுதியது. ரேடியோவில் இரண்டாவது சரணம் முடிந்து கீபோர்ட் இசை வந்து பாட்டு அடங்கியபோது அவர் இன்னும் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அறிவிப்பாளர் அடுத்த பாட்டைச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் நிமிர்ந்தார். "மூனாவதும் வரும்னு பாத்தேன்," என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நேரம் போதாமல் வெட்டியிருப்பீர்கள், வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் எழுதியவர் யாரோ எவரோ என்று வைத்துக்கொண்டால் வெட்டுவது சுலபமாகிவிடுகிறது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சரி, ஆதாரம் என்ன என்று கேட்பீர்கள். கேட்பது நியாயம். மாமாவிடம் நீல மட்டை சீ.ஆர். கொப்பி ஒன்று இருக்கிறது. முன்பு மூன்று இருந்தன. 1977 ஆகஸ்டில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் ராத்திரி முழுக்கத் தேயிலைக்குள் ஒளிந்திருந்துவிட்டு விடிந்து வந்து பார்த்தபோது வீட்டு அறையான காம்பராவில் ஒன்றும் இல்லை. அத்தை இடுப்பில் கட்டும் படங்குக்குள் வைத்துச் சுற்றிக்கொண்டு ஓடியது இந்த ஒரு கொப்பியை மட்டும்தான். அதில் பதினோராம் பக்கத்தில் இந்தப் பாட்டு இருக்கிறது, மேலே பென்சிலில் 1974 தை என்று போட்டிருக்கிறது. முதல் வரியில் "கொழாய்த் தண்ணி" என்று எழுதி, அதை அடித்துவிட்டு, மேலே "பீலி" என்று சின்னதாக எழுதியிருக்கிறார். மூன்றாவது சரணத்தில் ஒரு வார்த்தையை நாலு தடவை அடித்து எழுதி, தாள் அந்த இடத்தில் கிழிந்தே போயிருக்கிறது.

இன்னும் ஒன்று உண்டு. 1989 மே தினக் கூட்டத்தில் ஒருவர் டூ-இன்-வன்னில் பதிந்த கசெட். மேடையில் அறிவிப்பவர் அவர் பெயரைச் சொல்லி, "அவர் எழுதிய பாட்டை அவரே பாடுவார்" என்று கூப்பிடுவது அதில் தெளிவாகக் கேட்கிறது. கொப்பிப் பக்கத்தின் போட்டோப் பிரதியையும் அந்தக் கசெட்டை மாற்றிய பதிவையும் ஒன்பது பாட்டுகளோடு தனி உறையில் வைத்து ஒட்டி அனுப்பியிருந்தேன். திரும்பி வந்த பார்சலில் அந்த உறை ஒட்டியபடியே இருந்தது.

எங்கள் ஆட்களுக்குப் பாட்டில் பேர் போட்டுப் பழக்கமில்லை, ஆகவே இப்படி நடப்பது சகஜம் என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் 1930களில் தோட்டங்களுக்குப் போய்த் தொழிலாளர் கூட்டங்களில் தானே எழுதிய பாட்டுகளைப் பாடினார், 1940இல் அதைத் தன் பெயரிலேயே அச்சில் கொண்டு வந்தார். எழுதியவர் இன்னார் என்று அன்றைக்கே தெரிந்துதான் பாடினார்கள். மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை ஐயா எங்கள் தாலாட்டையும் தெம்மாங்கையும் ஒப்பாரியையும் தேடித் தேடிச் சேர்த்தாரே, அது யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாமல் வாய்வழியாக வந்த சொத்து. அதை நாட்டார் பாடல் என்று சொல்வது சரி, அதற்கு மரியாதையும் உண்டு. உயிரோடு இருக்கிற ஒரு மனிதன், தேதி போட்டு, அடித்துத் திருத்தி எழுதியதையும் அதே சாக்கில் போட்டுக் கட்டுவது சரியில்லை. அது நாட்டார் பாடலுக்கும் மரியாதை இல்லை.

பாட்டு எப்படி அவர் கையைவிட்டுப் போனது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. மாமா 1947இல் பிறந்தவர். அடுத்த வருஷமே இந்திய வம்சாவளித் தோட்ட மக்களுக்குக் குடியுரிமை இல்லாமல் செய்த சட்டம் வந்து, பால் குடிக்கிற பிள்ளையாக இருக்கும்போதே நாடற்றவராகிவிட்டார். பாடக் கற்றது மன்மதன்–ரதி கதையை ஆடும் காமன் கூத்தில். மாசி மாதம் கம்பம் ஊன்றிவிட்டால் ராத்திரி ராத்திரியாகத் தப்புச் சத்தத்தில் ஊர் விழித்துக் கிடக்கும், பத்து வயதில் ரதி வேஷம் கட்டி அழுது பாடியவர் அவர். 1964 ஒக்டோபரில் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேருக்கு இங்கே குடியுரிமை, மிச்சப் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு அரசாங்கம் தலைகளை எண்ணிப் பிரித்துக்கொண்டன. மாமாவின் அக்கா குடும்பம் போகிற பக்கத்தில் விழுந்தது. அட்டன் ஸ்டேஷனில், இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னாருக்குக் கோச்சி, அதாவது ரயில், ஏற்றும்போது ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் கதறுவார்களாம், எங்கள் பக்கம் அதற்கு அழுகைக் கோச்சி என்றே பேர். அக்காவை ஏற்றிவிட்டுத் தண்டவாள ஓரமாக நடந்தே திரும்பி வந்தபோது கட்டியதுதான் முதல் பாட்டு என்பார். 1977 மே மாதம் டெவன் தோட்டக் காணிப் போராட்டத்தில் சிவனு லட்சுமணன் என்ற தோட்டத்து இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டபோது ஒரு பாட்டு. அதைக் கூட்டத்துக்குக் கூட்டம் பாடினார்கள். ஒரு தோட்டத்தில் கேட்டவர் அடுத்த தோட்டத்தில் பாடுவார், பேர் வழியிலேயே விழுந்துவிடும், பாட்டு மட்டும் போய்ச் சேரும். அவருக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. யாரிடமும் ஒரு சதம் கேட்டதில்லை.

பிறகு எப்படி இந்த வயதில் பாட்டுத் தொகுப்பு ஒன்று வேண்டும் என்று வந்தார் என்றால், அது 2023இல். எங்கள் ஆட்கள் இந்த மண்ணுக்கு வந்து 200 வருஷம் ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே, அந்த நடை முடியும் நாளில் நாங்கள் வேன் பிடித்து மாத்தளைக்குப் போனோம். கூட்டத்தில் ஒரு பக்கம் பிள்ளைகள் இந்தப் பீலிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். மாமாவும் சேர்ந்து பாடினார். பாடி முடித்ததும் கொழும்பிலிருந்து வந்த ஒரு பிள்ளை அவர் கையைப் பிடித்து, "தாத்தா, இந்த நாட்டார் பாட்டு உங்களுக்கும் தெரியுமா?" என்று அன்பாகக் கேட்டது. அவர் தலையாட்டினார். திரும்பி வரும் வழியில், நாவலப்பிட்டி தாண்டும் வரைக்கும் பேசவேயில்லை. அப்புறம் சொன்னார்: "இருக்கிறதையும் பதிஞ்சு வச்சிருவோம்டா. என்னயப் பொதச்ச பொறகு எம் பாட்டு எனக்கே தெரியாத ஆளோடதா ஆயிரும்."

இரண்டு வருஷமாகப் புதுசு எழுதினார். பதிவு செய்தது அவருடைய காம்பராவில், பத்துக்குப் பன்னிரண்டு அடி. சுவரில் எதிரொலி அடிக்காமல் இருக்க நாலு வீட்டுக் கம்பளியை வாங்கிக் கட்டினேன். காலை எட்டரைக்கு எல்லாரும் மலைக்குப் போன பிறகு ஆரம்பிப்போம், பகலில் கொழுந்தை எடை போட்டுவிட்டு ஆட்கள் வரத் தொடங்கினால் நிறுத்திவிடுவோம். பக்கத்துக் காம்பராவில் படுக்கையில் இருக்கும் பாட்டிகூட இருமல் வந்தால் தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். தப்பு அடித்தது மாமாவின் பேரன். உள்ளே அடித்தால் மைக் தாங்காது என்று இஸ்தோப்பில் உட்கார வைத்தோம். பனிக்குத் தப்பின் தோல் தொய்ந்துவிடும், ஒரு பாட்டு முடிவதற்குள் சத்தம் செத்துப்போகும், ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியான மிலாறைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சி எடுப்பான். மூன்றாவது பாட்டில் பின்னால் கேட்கும் சத்தம் மழை, தகரக் கூரையில் விழுவது. இரண்டு நாள் காத்திருந்து பார்த்தோம், விடவில்லை, சரி அதுவும் இருக்கட்டும் என்று பாடினார். இதைத்தான் "தரம் ஏற்றதாக இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

குரலைப் பற்றி. தளர்ந்திருக்கிறது, உண்மைதான். வரியின் நடுவில் மூச்சு வாங்குகிறார். நானே ஒரு தடவை, "மாமா, அந்த இடத்தை மட்டும் திரும்பப் பாடுங்க, ஒட்டிக்கிறேன்," என்று கேட்டேன். "மலை ஏறிக்கிட்டே பாடுற பாட்டு, மூச்சு வாங்காட்டி எப்புடி?" என்றார். அதற்குப் பிறகு நான் எதையும் ஒட்டவில்லை. என் தங்கச்சி மகன் போனில் வெளிநாட்டுப் பாட்டுகள் போட்டுக் காட்டினான். கனடாக்காரர் லெனார்ட் கோஹன், 2016இல் 82 வயதில், உடம்பு முடியாமல் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தொகுப்பைப் பாடியிருக்கிறார், மகன்தான் கூட இருந்து பதிவை முடித்திருக்கிறார். அது வெளிவந்து மூன்று வாரத்துக்குள் ஆள் போய்விட்டார். பாடுவது பாதி, பேசுவது பாதி, அப்படி ஒரு தாழ்ந்த குரல். யாரும் திருப்பி அனுப்பவில்லை. அமெரிக்காவின் ஜானி கேஷைப் பெரிய கம்பெனி 1986இல் கைவிட்டது. 1994இல் ஒரு கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடிய தொகுப்புத்தான் அவரைத் திரும்ப எழுப்பியது, அதில் நிறையப் பாட்டு ஒரு வீட்டுக் கூடத்தில் பதிந்ததாம். அவ்வளவு தூரம் ஏன், நம் நாட்டில் சிங்களப் பாடகர் அமரதேவ 88 வயதில் மறைந்தார். தள்ளாத வயதிலும் அவர் பாட உட்கார்ந்தால் சிங்களச் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது, தோட்டத்தில் நாங்களும் கேட்டோம். வயதான குரலை எப்படிக் கேட்க வேண்டும் என்று அந்தச் சனத்துக்கு அவர்கள் வானொலி பழக்கிக் கொடுத்தது. எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள்தானே பழக்கிக் கொடுக்க வேண்டும்?

கொச்சைச் சொற்கள் என்று எழுதியதுதான் எனக்கு ஆறவில்லை. பாட்டு வரிகளை அச்சடித்து அனுப்பியிருந்தேன், அதில் சில சொற்களைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். பிரட்டு, மடுவம், பீலி, மிலாறு, பேர். இப்படிப்பட்ட சொற்களையே அந்த இளம் பாடகர் பாடும்போது உங்கள் அறிவிப்பாளர் "மண் மணம்" என்று சொன்னார், நான் காதால் கேட்டேன். அந்த மண்ணிலேயே 78 வருஷம் கிடந்தவர் வாயிலிருந்து வரும்போது மட்டும் எப்படிக் கொச்சையாகிறது? எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. விளக்கம் இருந்தால் எழுதுங்கள்.

பேர் என்ற சொல்லுக்கும் வட்டம் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பாட்டு அத்தையைப் பற்றியது, அவர் இறந்து ஆறு வருஷமாகிறது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. சொன்ன கிலோவுக்குக் கொழுந்து இருந்தால் முழுப் பேர் விழும், குறைந்தால் அரைப் பேர்தான். மழையில் நனைந்து, அட்டை கடித்து, நாள் முழுக்க நின்று பறித்துவிட்டு மடுவத்துத் தராசில் ஒரு கிலோ குறைந்ததற்காக அரைப் பேர் என்று எழுதினால் அந்தப் பெண் வீட்டுக்கு நடந்து வரும் நடையே வேறு மாதிரி இருக்கும், அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நான். 38 வருஷம் கொழுந்து பறித்த அத்தைக்கு எத்தனை அரைப் பேர் விழுந்தது என்று எண்ணிக்கொண்டே போகிற பாட்டு அது. அந்தச் சொல்லுக்கு "வருகைப் பதிவு" என்று மாற்றலாமே என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். முடியாது. மாற்றினால் அது அத்தை இல்லை.

ஆறாவது பாட்டு அவருடைய பெயரைப் பற்றியே. பிறப்புப் பதிவில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, ஊழியர் சேமலாப நிதி அட்டையில் இன்னொரு எழுத்து. தோட்டத்தில் இது வீட்டுக்கு வீடு இருக்கிற பிரச்சினை, எழுதினவர் தன் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார், ஓய்வு பெறும்போது மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். மாமா பதினாலு மாதம் அலைந்தார். இந்தத் தொகுப்புக்கு என்ன தலைப்புப் போடலாம் என்று நான் கேட்டபோது, "தலைப்பு அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல எம் பேரப் போடு," என்றார். உறையில் இன்னும் தலைப்பு இல்லை. பேர் மட்டும்தான் இருக்கிறது.

இனி நான் கேட்பது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில், அதே நேரத்தில், அந்தப் பாட்டு 1974இல் இன்னாரால் எழுதப்பட்டது, அவர் உயிரோடு இருக்கிறார், முதலில் சொன்னது தவறு என்று அறிவியுங்கள். அறிவித்துவிட்டு அவரே பாடிய பதிவை, மூன்று சரணமும் வெட்டாமல், ஒலிபரப்புங்கள். அந்த இளம் பாடகரின் பதிவை இனிப் போடுவதாக இருந்தால் வேலியைப் பீலியாகத் திருத்திப் பாடச் சொல்லிவிட்டுப் போடுங்கள், அந்தத் தம்பி வந்தால் மாமா பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார், நான் பொறுப்பு. உங்கள் களஞ்சியத்திலும் பெயரை மாற்றுங்கள். இது ஒன்று மட்டுமில்லை, அவருடைய இன்னும் நாலு பாட்டு நாட்டார் பாடல் என்று உங்களிடம் போய்க்கொண்டிருக்கிறது, முதல் வரிகளையும் கொப்பிப் பக்கங்களையும் இந்த மடலின் பிரதியோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை உறையைத் திறந்து பாருங்கள்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு பாட்டு எழுதியவருடைய உரிமை அவர் வாழும் காலமும் அதற்குப் பிறகு 70 வருஷமும் இருக்கிறது, தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்கிற உரிமையும் சிதைக்காதே என்று சொல்கிற உரிமையும் அதே சட்டத்தில் உண்டு. வழக்குப் போடுகிற யோசனை அவருக்கு இல்லை. ஆனால் இதுவரை ஒலிபரப்பியதற்குச் சேர வேண்டியது எதுவோ அதைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். காசு கேட்கச் சொல்லி அவர் சொல்லவில்லை, இது நான் கேட்பது. மருந்துக்கு மாதாமாதம் அட்டனுக்கு பஸ் ஏறுகிற மனிதர்.

ஒன்பது பாட்டையும் திரும்ப ஒரு தடவை கேளுங்கள். கேட்கும்போது தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவராவது குழுவில் இருக்கட்டும். கேட்டுவிட்டும் பிடிக்கவில்லை என்றால் எந்தப் பாட்டு, ஏன் என்று தனித்தனியாக எழுதுங்கள், அதை ஏற்றுக்கொள்கிற மனப்பக்குவம் அவருக்கு உண்டு. எடுத்துக்கொண்டால் நள்ளிரவில் போடாதீர்கள். விடியற்காலை ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் எங்கள் லயங்களில் ரொட்டி சுடும்போது ரேடியோ பாடிக்கொண்டிருக்கும், அந்த நேரம் வேண்டும்.

அப்புறம், ஒரு ஒலிப்பதிவாளரை ஒரு மாதத்துக்காவது மலைக்கு அனுப்புங்கள். மஸ்கெலியா, அக்கரப்பத்தனை, ராகலை, பதுளைப் பக்கம் என்று எல்லா இடத்திலும் காமன் கூத்து வாத்தியார்கள், ஒப்பாரி சொல்லுகிற பாட்டிகள், மாமா மாதிரித் தாங்களே எழுதிப் பாடினவர்கள் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு பேர் போய்க்கொண்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியும், அவர்கள் சாவு வீடுகளுக்கும் நான்தான் கெமராவோடு போகிறேன். பாட்டைப் பதியும்போதே எழுதியவர் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம், மாமாவுக்கு அனுப்புங்கள். தோட்டத்துக்கு வருகிற தபால் ஆபீஸில் கிடந்து லயத்துக்கு வந்து சேர நாளாகும், ஆகவே பதிவுத் தபாலில் போடுங்கள். உறையில் பெயரை எப்படி எழுதுவது என்று சந்தேகம் வந்தால் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டாம். கொப்பியின் முதல் பக்கத்துப் பிரதி உங்களிடம் இருக்கிறது, அதில் அவரே எழுதியிருக்கிறார். அதைப் பார்த்து எழுதுங்கள்.

அட்டனிலிருந்து,
அந்தப் பாட்டுகளைப் பதிவு செய்தவன்